லாகுஷில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வானிலை போதாது, ஏற்றவற்றமும் பாருங்கள்

போன வாரம் லாகுஷின் டோனா ஆனா கடற்கரையில் என் கயாக்கை, அதாவது சின்னத் துடுப்புப் படகை, கரையேற்றிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்றே முக்கால். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், செருப்பைக் கையில் பிடித்தபடி வடக்குப் பாறை முனையைச் சுற்றி அந்தப் பக்கம் போகக் கிளம்பியிருந்தார்கள். தமிழ் காதில் விழுந்ததும் ஓடிப்போய் நிறுத்தினேன்.

"சார், இப்ப போகாதீங்க. தண்ணி ஏறிட்டிருக்கு."

அவர் கைபேசியை எடுத்துக் காட்டினார். "எல்லாம் பாத்துட்டோம் தம்பி. இன்னிக்கு மழை இல்ல, காத்தும் கம்மிதான்."

பத்து வருடத்துக்கு முன் இதே முனையில் இதே தைரியத்தோடு நானும் நின்றேன். அன்று எனக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சன்ஸ்கிரீன் பூசுங்கள், பர்ஸைப் பத்திரமாக வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊருக்கே உரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. லாகோஸ் என்றதும் நினைவுக்கு வரும் நைஜீரியாவின் பெருநகரம் அல்ல இது. போர்ச்சுகலின் தென்கோடியில் அல்கார்வ் கரையில் உள்ள பழைய துறைமுக ஊர். உள்ளூர்க்காரர்கள் 'லாகுஷ்' என்பார்கள். 1434இல் பொஜடோர் முனையைத் தாண்டி ஆப்பிரிக்கக் கடல்வழியைத் திறந்த கில் எயானிஷ் இந்த ஊர்க்காரர். 1576 முதல் 1756 வரை அல்கார்வின் தலைநகரம். 1755 நவம்பர் 1 நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் ஊரைப் புரட்டிப்போட்டன. இன்று நீங்கள் பார்க்கும் தெருக்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை.

வழவழப்பான செருப்பு

ஊர் முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பாவிய தெருக்கள். தேய்ந்து கண்ணாடியாகக் கிடக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பு போடுங்கள்.

ஏற்றவற்றம் பார்க்காமல் பாறை முனையைச் சுற்றுவது

ஏற்றவற்றம் என்றால் கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது. இதைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆறாத விஷயம் இது.

நான் தூத்துக்குடிக்காரன். கடல் பக்கத்திலேயே வளர்ந்தவன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. நம் ஊரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. சென்னையிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மெரினாவில் அலையைப் பார்ப்போம், ஆழத்தைப் பார்ப்போம், நீர்மட்டம் ஏறுவதை யாரும் மணி வைத்துப் பார்ப்பதில்லை. லாகுஷில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் 3 மீட்டரைத் தாண்டும். காலையில் நீங்கள் துண்டு விரித்துப் படுத்த மணல்மேல் மாலையில் ஓர் ஆள் மூழ்கும் தண்ணீர் நிற்கும்.

வந்த முதல் கோடை. என்னோடு எங்கள் தெருக்காரன், பள்ளிக்கூடக் கூட்டாளி. காலை பத்தரைக்கு டோனா ஆனாவில் இறங்கினோம். வடக்கு முனையில் பாறையடியில் ஈர மணல் தெரிந்தது. கணுக்கால் நனையாமல் சுற்றிப் போனால் ஒரு குட்டிக் குடா. மூன்று பக்கமும் மஞ்சள் பாறைச் சுவர், நடுவில் முப்பது நாற்பது அடி மணல், ஆள் அரவமே இல்லை. டோனா ஆனாவுக்கும் பின்யாங் கடற்கரைக்கும் நடுவே இப்படிப் படிக்கட்டே இல்லாத குடாக்கள் உண்டு. நமக்கென்றே ஒரு கடற்கரை கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். பையை ஒரு பாறை இடுக்கில் வைத்தோம். இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் அதில்தான்.

முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் நகரவே இல்லை. அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஈர மணல் அப்படியேதான் இருந்தது. அந்த ஒரு மணி நேரம்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஏற்றம் குழாயைத் திறந்துவிட்டது போல ஒரே சீராக ஏறாது. வற்றத்திலிருந்து முழு ஏற்றத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. 3 மீட்டர் ஏறும் நாளில் கணக்குப் போடுங்கள்: முதல் மணியில் 25 சென்டிமீட்டர், இரண்டாவதில் 50, மூன்றாவதில் 75, நான்காவதிலும் 75. கடலோடிகள் கைக்கணக்காக வைத்திருக்கும் இந்த முறை எனக்கு அப்போது தெரியாது.

நாங்கள் கண்ணயர்ந்தது சரியாக அந்த இரண்டாம் மணியில். கால் நனைந்துதான் விழித்தோம். "எலே, நாம வந்த வழி எங்கல?" என்று அவன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. முனையில் மணல் இல்லை. இடுப்பளவுத் தண்ணீர், அதற்குமேல் அலை பாறையில் மோதித் திரும்பும் வேகம் வேறு. அவனுக்கு நீச்சல் தெரியாது. பின்னால் இருபது மீட்டர் செங்குத்துச் சுவர். பிடித்து ஏறினால் கையோடு பெயர்ந்து வரும் மண்கல். குகை பார்க்கப் பயணிகளை ஏற்றி வந்த ஒரு சின்னப் படகின் பெரியவர் எங்களைக் கண்டார். அவர் நிதானமாக எஞ்சினைத் தணித்து, படகைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, எங்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். பை போய்விட்டது. மாற்று ஆவணத்துக்கு லிஸ்பன் போய், தங்கி, விமானச் சீட்டை மாற்றி, அந்தப் பயணத்துக்காகச் சேர்த்த பணமெல்லாம் அதிலேயே கரைந்தது. உயிர் மிஞ்சியது அந்தப் பெரியவரால்.

பின்னால் இந்த ஊரிலேயே தங்கி, கயாக் வழிகாட்டி வேலைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு கோடையிலும் இதே காட்சியைப் பார்க்கிறேன். வெப்பநிலை பார்க்கிறார்கள், மழை பார்க்கிறார்கள், உணவகத்தின் நட்சத்திரம்கூடப் பார்க்கிறார்கள். ஏற்றவற்றம் மட்டும் யாரும் பார்ப்பதில்லை. விடுதியில் அதைச் சொல்லி அனுப்ப ஒரு நிமிடம் போதும், பல இடங்களில் அதுவும் நடப்பதில்லை. இது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. போர்ச்சுகல் கடற்படையின் நீரியல் நிறுவனம் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது; கைபேசியிலும் கிடைக்கும். 'பைஷா-மார்' என்றால் வற்றம், 'பிரெயா-மார்' என்றால் ஏற்றம். அட்டவணை எந்த நேரக் கணக்கில் போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். கோடை நேரத்துக்கு ஒரு மணி கூட்டவேண்டி வரலாம். நம் ஆட்களுக்கு இன்னொரு எளிய வழியும் உண்டு, வீட்டு நாட்காட்டி. இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய கோடை நாட்களில் வற்றம் காலை பத்து மணியை ஒட்டி வரும், ஏற்றம் பிற்பகல் நான்கை ஒட்டி. அஷ்டமி வாக்கில் இது தலைகீழ். ஏறும் உயரமும் குறைவு. துல்லிய நிமிடத்துக்கு அட்டவணைதான், ஆனால் நாளின் போக்கு இதிலேயே பிடிபட்டுவிடும்.

முனையைச் சுற்ற வேண்டுமானால் வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்னால் கிளம்புங்கள். வற்ற நேரம் அடித்ததும் திரும்பி நடக்கத் தொடங்குங்கள். அந்தப் பக்கம் படிக்கட்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பட்டாட்டா கடற்கரையிலிருந்து எஷ்டுடாண்டிஷ் கடற்கரைக்குப் பாறையைக் குடைந்த வழியாகப் போகலாம். அங்கே தண்ணீர் ஏறினாலும் மேலே ஏறப் படி உண்டு. பெயரில்லாக் குடாக்களில் கிடையாது.

அந்தச் சென்னைக் குடும்பம் நின்றது. அன்று அமாவாசைக்கு மறுநாள். நான் மணலில் ஒரு குச்சியை நட்டு, "அரை மணி கழிச்சு இதைப் பாருங்க சார்" என்றேன். பதினைந்து நிமிடத்திலேயே நுரை குச்சியைத் தொட்டது. சின்னவள் ஓடிப்போய் அதைப் பிடுங்கி இன்னும் மேலே நட்டாள்.

பாறை நிழலில் படுப்பது

வெயிலுக்கு நிழல் தேடிச் சுவரடியில் துண்டு விரிக்காதீர்கள். இந்தச் சுண்ணாம்புப் பாறைச் சுவர் கடலும் மழையும் அரித்து அரித்து உருவானது. அந்த அரிப்பு இன்றும் நிற்கவில்லை. 2009 ஆகஸ்டில் அல்புஃபைரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தக் கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி உட்காருங்கள். அந்த அளவுக்கு மணல் இல்லையென்றால் அது அன்றைக்கு உட்காரும் இடமே இல்லை. குடையை வாடகைக்கு எடுங்கள்.

கமீலோவில் அஸ்தமனம் பார்க்கப் போவது

இருநூறு மரப்படி இறங்கி, கேமராவை நிறுத்தி, காத்திருப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். பட்டாட்டாவிலிருந்து கமீலோ வரையிலான கடற்கரைகள் கிழக்குப் பார்த்தவை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கும். பிற்பகலிலேயே மணலில் நிழல் விழுந்துவிடும். அங்கே காலையில் போங்கள். ஏழு எட்டு மணி வெயிலில் பாறை மஞ்சள் பூசியது போலச் சிவந்து நிற்கும். மாலைக்குப் போன்டா ட பியெடாட் மேட்டில், 1913இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை ஒட்டி நடந்தால் மேற்கு திறந்து கிடக்கும்.

படகுச் சவாரியைக் கடைசி நாளுக்கு வைப்பது

தென்கிழக்கிலிருந்து 'லெவான்ட்' காற்று அடித்தால் இந்தக் கரைமுகத்துக்கு நேராக அலை வரும். அன்று குகைக்குள் படகு போகாது, கயாக்கும் இறங்காது. இந்தக் காற்று தொடங்கினால் இரண்டு மூன்று நாள் விடாது. வந்த முதல் நாளே முன்பதிவு செய்யுங்கள். தள்ளிப்போனால் அடுத்த நாள் கையில் இருக்கும். குகைக்குள் நுழைய வேண்டுமானால் சின்னப் படகு. முழு ஏற்றத்தில் சில குகைகளின் வாய் தாழ்ந்துவிடும், அடி வற்றத்தில் சிலவற்றில் பாறை தட்டும். இடைப்பட்ட நேரம் கேட்டு வாங்குங்கள். காற்று எழுமுன் காலையில் போவது இன்னும் நல்லது.

கடற்கரையோடு திரும்பிவிடுவது

அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடிய ஊர் அல்ல இது. 1444 ஆகஸ்ட் 8 அன்று ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த 235 பேரை இந்தக் கரையில் இறக்கிப் பங்கு போட்டார்கள். தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்த காட்சியை அரசவை வரலாற்றாசிரியர் சுராரா எழுதி வைத்திருக்கிறார். போர்ச்சுகல் இளவரசர் ஹென்றி குதிரைமேல் இருந்து தன் பங்கைப் பெற்றார். ஊருக்குள் ஒரு சதுக்கத்தில் இன்று ஹென்றியின் சிலை இருக்கிறது. எதிர் மூலையில் வளைவுகளோடு நிற்கும் சின்னக் கட்டடம் அடிமைச் சந்தை அருங்காட்சியகம். 2009இல் கோட்டைச் சுவருக்கு வெளியே வாகன நிறுத்துமிடம் தோண்டியபோது, குப்பை கொட்டிய இடத்தில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிலருடைய கைகள் கட்டப்பட்ட நிலையில் இருந்தன. ஐஸ்கிரீமோடு அந்தச் சதுக்கத்தைக் கடப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அரை மணி நேரம் உள்ளே போய் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சாந்து அந்தோனியு தேவாலயம். வெளியே வெறும் வெள்ளைச் சுவர், கடந்து போய்விடுவீர்கள். உள்ளே சுவர் முழுக்கத் தங்க முலாம் பூசிய மரச் செதுக்கல், அடியில் நீல வெள்ளை ஓடுகள்.

மேசைக்கு வரும் ரொட்டி

நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், வெண்ணெய் வைப்பார்கள். சாப்பிட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சைவக்காரர்கள் கவனிக்க: கீரை சூப் போலத் தெரியும் கால்டு வெர்டில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சித் துண்டு போடுவது வழக்கம். சந்தேகமிருந்தால் கேட்டுவிடுங்கள். மெசா என்றால் மேசை, ஜனெலா என்றால் ஜன்னல், ஷாவ் என்றால் சாவி. இந்தச் சொற்கள் அவர்களிடமிருந்து நமக்கு வந்தவைதான், பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

வெதுவெதுப்பான கடலை எதிர்பார்ப்பது

ஆகஸ்டிலும் தண்ணீர் 20 டிகிரியைச் சுற்றித்தான். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சலுடை வாங்குங்கள்.

திங்கட்கிழமை

அருங்காட்சியகம் பார்க்கும் நாளாக வைக்காதீர்கள், அன்று மூடியிருக்கும்.

சாகிரெஷ்

போர்ச்சுகலின் தென்மேற்கு மூலையில் உள்ள முனை, இங்கிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம் மேற்கே. மாலையில் போங்கள். ஜூலையானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முனையில் வடக்குக் காற்று பேச்சையே அடித்துக்கொண்டு போகும்.