கடையில் சின்சில்லாவுக்கு நல்ல தீவனம் விற்கத் தொடங்குவது எப்படி

சின்சில்லா என்பது அடர்ந்த முடியுள்ள, புல் தின்னும் சிறு கொறிபிராணி. எங்கள் செல்லப்பிராணிக் கடையில் அதற்கான தீவனம் என்று வெகுநாள் இருந்தது ஒரே ஒரு கலவைதான். சூரியகாந்தி விதை, நிலக்கடலை, உலர் திராட்சை, வண்ணம் போட்ட மக்காச்சோளத் துண்டுகள், நடுவே கொஞ்சம் பெல்லட், அதாவது அரைத்து அழுத்திச் சிறு துண்டுகளாக்கிய தீவனம். பார்க்க அழகாக இருக்கும், வேகமாக விற்கும். பல் நீண்டு தின்ன முடியாமல் போன ஒரு சின்சில்லாவை வாடிக்கையாளர் ஒருவர் கூண்டோடு தூக்கிவந்து காட்டிய அன்றுதான் அந்தப் பையின் பின்புறத்தை முழுதாகப் படித்தேன். பிறகு சரக்கை மாற்ற எனக்கு ஐந்து மாதம் ஆனது. கடை வைத்திருப்பவர்களும் கடையில் வேலை செய்பவர்களும் அதைவிடச் சீக்கிரமாகச் செய்துமுடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பையைத் திருப்பிப் படியுங்கள்

சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையின் வறண்ட சரிவுகளில் முரட்டுப் புல்லையும் புதரையும் கடித்து வாழ்ந்த பிராணி. அதன் பற்கள் அத்தனையும் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பற்கள் மட்டும் ஆண்டுக்கு 5 செ.மீ.க்கு மேல் வளர்கின்றன. புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். விதையும் கடலையும் நான்கு கடியில் உள்ளே போய்விடும், பல் தேயாது. கொழுப்பும் சர்க்கரையும் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கெடுத்து வயிற்றை உப்ப வைக்கும். இந்தப் பிராணியால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

பெல்லட் பையில் நான் தேடுவது இவ்வளவே: நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, புரதம் 16 முதல் 18 வரை, கொழுப்பு 4க்குள். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் புல்லாக இருக்க வேண்டும், ஏனென்றால் எடையில் அதிகமானதைத்தான் முதலில் எழுதுவார்கள். பெல்லட்டுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். பல வண்ணம் இருந்தால் பிராணி பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும். பாதிக் கிண்ணம் மிஞ்சும், தின்ற பாதியில் சத்து இருக்காது. மருந்து கலந்த தீவனம் எதையும், அது எந்தப் பிராணிக்கானதாக இருந்தாலும், சின்சில்லா தட்டில் வைக்காதீர்கள்.

2. பெல்லட்டுக்கு முன்னால் புல்

நல்ல தீவனம் என்றதும் எல்லோருக்கும் பெல்லட்தான் நினைவுக்கு வருகிறது. வளர்ந்த சின்சில்லாவுக்கு அது நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி போதும். மற்றதெல்லாம் உலர்புல், கணக்கே இல்லாமல்.

இங்கே ஒரு சொல் தடுக்கும். கடையில் பலரும் "வைக்கோல் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். வைக்கோல் என்பது கதிர் அறுத்து, தானியம் உதிர்த்த பிறகு மிஞ்சும் தாள். உலர்புல் பச்சையாக இருக்கும்போதே வெட்டிக் காயவைத்த புல். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சத்து வேறு. அதனால் எங்கள் பலகையில் "உலர்புல் (வைக்கோல் அல்ல)" என்றே எழுதி வைத்தேன். அந்த ஒரு வரி எனக்கு நிறைய விளக்கத்தை மிச்சப்படுத்தியது.

வளர்ந்த பிராணிக்குத் திமோத்தி புல். ஆல்ஃபால்ஃபா எனும் குதிரைமசாலில் புரதமும் கால்சியமும் அதிகம், ஆகவே அது குட்டிகளுக்கும் சினைப்பட்டவற்றுக்கும் பாலூட்டும் தாய்க்கும். பெல்லட் குதிரைமசாலில் செய்ததாக இருந்தால் கூடவே போகும் புல் கட்டாயம் திமோத்தியாக இருக்கட்டும். வயலில் முதல் முறை வெட்டியது முதல் வெட்டு, மறுபடி வளர்ந்ததும் வெட்டியது இரண்டாம் வெட்டு என்று வரும். முதல் வெட்டில் தண்டு அதிகம், பல்லுக்கு நல்ல வேலை. இரண்டாவதில் இலை அதிகம், விருப்பமாகத் தின்னும். ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் இரண்டாம் வெட்டை வையுங்கள். தின்னாத நல்ல புல்லைவிடத் தின்னும் புல் மேல்.

வாங்கும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள். இனிய வாசமும் பச்சை நிறமும் வேண்டும். ஈர வாடையோ தூசியோ இருந்தால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் புல்லை அடைக்க வேண்டாம், உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூசணம் பிடித்துவிடும். காகிதப் பையோ துணிப்பையோ போதும், தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல். பெல்லட்டுக்கு நேர்மாறு: இறுக மூடும் டப்பா, வெயில் படாத இடம்.

3. சின்னதாக வாங்குங்கள்

நாளுக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ பெல்லட் ஒரு பிராணிக்கு 50 நாள் வரும். பத்துக் கிலோ மூட்டை 500 நாள்! மூட்டை மலிவு என்று வாங்கினால் பாதி வழியிலேயே வைட்டமின்கள் போய், கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும். பிரித்த பை இரண்டு, மூன்று மாதத்துக்குள் தீர வேண்டும். ஆகவே கடையில் ஒரு கிலோ பையே போதும். காலாவதி தேதியை விட உற்பத்தித் தேதியைத்தான் நான் பார்ப்பேன். அது இல்லாத பையை வாங்குவதில்லை. முதலில் வந்தது முன்னால், புதிது பின்னால். இது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்ததே.

4. பழைய சரக்கை உடனே தூக்கிவிடாதீர்கள்

இதில்தான் நான் தடுக்கி விழுந்தேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதுப் பெல்லட் வந்த அன்றே பழைய கலவையை அலமாரியிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டேன். கெட்டது என்று தெரிந்த பிறகு விற்க மனம் வரவில்லை. வந்தவர்களிடம் "இதுதான் நல்லது" என்று புதியதைக் கொடுத்தேன். அவர்களும் வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தைக் காலி செய்து புதியதை நிரப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். ஒருவரின் சின்சில்லாவுக்குப் புழுக்கை இளகிவிட்டது. மற்ற இருவரின் சின்சில்லாக்கள் பெல்லட்டைத் தொடவே இல்லை.

சின்சில்லாவின் குடலில் நாரைச் செரிக்கவைப்பது அங்கே வாழும் நுண்ணுயிர்கள். அவை பழைய உணவுக்குப் பழகியவை. ஒரே நாளில் மாற்றினால் தடுமாறும். "பசி ருசி அறியாது, பசித்தால் தானே தின்னும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பிராணியிடம் அந்த வார்த்தையை நம்பவே கூடாது. ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்றுபோகும் ஆபத்து உண்டு.

மெதுவாக மாற்றலாம் என்றால், கலக்கப் பழைய தீவனம் வேண்டும். அதை நான் கடையிலேயே இல்லாமல் செய்துவிட்டேன். மொத்த வியாபாரியிடம் மறுபடி ஒரு சிறு பெட்டி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அப்புறம் இன்னொரு சிக்கல். பழையதையும் புதியதையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் விதையையும் திராட்சையையும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பெல்லட்டை வெளியே தள்ளிவிடும். கடைசியில் எங்கள் வாடிக்கையாளர்களிடம் ஒத்துவந்த முறை இது:

முதல் வாரம் புதுப் பெல்லட் எதுவும் கிடையாது. கூண்டில் எப்போதும் புல் இருக்கும்படி செய்து, பழைய கலவையிலிருந்து விதை, கடலை, பழம் ஆகியவற்றை நாளுக்குக் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். வாரக் கடைசியில் கிண்ணத்தில் பழைய பெல்லட் மட்டும் நிற்கும். இரண்டாம் வாரம் அந்தப் பெல்லட்டில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதியது. நான்கைந்து நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுதும். கிண்ணத்தை மாலையில் வையுங்கள், விழித்துத் துள்ளும் நேரம் அதுதான். புழுக்கை இளகினாலோ சிறுத்தாலோ ஒரு படி பின்னால் போய் அங்கேயே சில நாள் நிற்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு புதுப் பையோடும் பழைய கலவையில் ஒரு சிறு பொட்டலமும், இந்த முறையை எழுதிய ஒரு தாளும் தருகிறோம். பழைய கலவை பெரிய பையாக எங்கள் கடையில் இனி கிடையாது.

5. ஒரு தராசு

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வையுங்கள். சமையலறைத் தராசு போதும், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஸ்பிரிங் தராசு வேண்டாம், பிராணி அசைந்தால் முள் நிற்காது. வளர்ந்த சின்சில்லா பெரும்பாலும் 400 முதல் 600 கிராம். 500 கிராம் இருந்தது 450 ஆனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அடர்ந்த முடி மெலிவை மறைத்துவிடும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்குத் தூக்கி அலைக்கழிப்பதை விட வீட்டிலேயே வாரம் ஒருமுறை எடை பார்ப்பது நல்லது. அதனால் கடைத் தராசு, எடை பார்ப்பது எப்படி என்று காட்டத்தான்.

6. கல்லாவில் என்ன சொல்வது

விலை கூடுதல் என்பார்கள், உண்மைதான். பை விலையைப் பேசாமல் நாள் கணக்கைச் சொல்லுங்கள். கலவையில் பாதி கீழே போகிறது, ஒரே மாதிரி பெல்லட்டில் அநேகமாக எதுவும் வீணாவதில்லை. "இதுவரை தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். நாம் விற்றதைத்தானே அவர்கள் கொடுத்தார்கள்.

பிறகு சேர்த்தவை

படித்தவர்கள் கேட்டதில் இரண்டு, நான் முதலில் எழுத மறந்தவை.

முயல் தீவனம் ஆகாதா என்றார் ஒருவர். விதை கலக்காத, மருந்து கலக்காத, புல்லை முதன்மையாகக் கொண்ட முயல் பெல்லட் மேலே சொன்ன அளவுகளுக்குள் வந்தால், சின்சில்லா பெல்லட் கிடைக்காத ஊரில் அதை வைக்கலாம். மாற்றும் முறை அதேதான், இரண்டு, மூன்று வாரம்.

இன்னொருவர் வீட்டுச் சின்சில்லா பெல்லட்டுக்கு நன்றாக மாறிவிட்டது, ஆனால் புல்லைத் தொடுவதில்லை. விசாரித்தால் கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. பெல்லட்டை மெல்ல மெல்ல இரண்டு கரண்டிக்கு இறக்கி, புல்லை நாளுக்கு இருமுறை புதிதாகப் போடச் சொன்னேன். மூன்றாம் நாள் தின்னத் தொடங்கியது. அப்படியும் தொடாமல், வாயோரம் எச்சில் வடிந்து மோவாய் ஈரமாக இருந்தால் அது விருப்பு வெறுப்பு இல்லை. கடைவாய்ப்பல்லில் கோளாறு இருக்கலாம். அந்த வீட்டுக்கு அன்று வேறு தீவனம் எதையும் விற்காதீர்கள், சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.