பாண்டிக்குப் போகிறீர்களா? படம் எடுக்க உள்ளூர் ஆளைப் பிடியுங்கள்

நாங்கள் பாண்டிச்சேரியில் முதல்முறை குடும்பப் படம் எடுத்தது ஒரு மே மாதம், காலை ஒன்பதே காலுக்கு. மஞ்சள் சுவர் முன்னால் ஆறு பேரும் வரிசையாக நிற்கிறோம், ஆறு பேருக்கும் கண் பாதி மூடியிருக்கிறது, சின்னவன் அழுகிறான், என் கணவர் சட்டையில் வியர்வை இந்தியா மேப் மாதிரி படர்ந்திருக்கிறது. கேமராவைக் குறை சொல்ல முடியாது, லென்ஸ் மட்டும் ஒரு லட்சம் என்று கொண்டுவந்தவரே இரண்டு தடவை சொன்னார். யாரோ கொடுத்த நம்பர், விலையை மட்டும் கேட்டோம், வேறு ஒன்றும் கேட்கவில்லை. போனில் பேசியது ஒருவர், நேரில் வந்தது இன்னொருவர். வந்தவருக்கு அந்த ஊரே புதிது போல, துமாஸ் வீதிக்கு எப்படிப் போவது என்று எங்களிடம் கேட்டார்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி போனபோது அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி கிடைத்தான். அவனிடம் இருந்தது முன்னவருடையதை விடப் பழைய கேமரா. போனில் அவன் முதலில் சொன்னதே, "அக்கா, அஞ்சே முக்காலுக்கு காந்தி சிலைகிட்ட வந்துருவீங்களா? இல்லேன்னா சாயங்காலம் பாத்துக்கலாம், நடுவுல வேணாம்." நீங்கள் காசு கொடுப்பது இந்தப் பேச்சுக்குத்தான். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வெயில் இறங்கும், எந்த வீட்டுக்காரர் கத்துவார், டிரெஸ் மாற்ற எங்கே இடம் கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்தவன்தான் உள்ளூர் ஆள்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். பாண்டி கடல் கிழக்குப் பார்த்தது. பீச்சில் சூரிய அஸ்தமனப் படம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களாம், அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். நம் பக்கத்துக் கடலில் சூரியன் உதிக்கும், அவ்வளவுதான். மே, ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் உதித்துவிடும், டிசம்பர், ஜனவரியில் ஆறரை ஆகும். காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல்தூண்கள் இருக்கின்றன இல்லையா, செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை, ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தால் அவற்றின் பின்னால்தான் சூரியன் எழும். அந்தப் பத்து நிமிஷம் ஆட்களெல்லாம் கறுப்பு நிழலாக விழுவார்கள், பின்னால் ஆரஞ்சு வானம். முகம் தெரியாது. ஆனால் வீட்டு ஹாலில் மாட்ட அதுதான் நன்றாக இருக்கும். அது முடிந்ததும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காமல் திரும்பி நில்லுங்கள், அந்த இளவெயில் நேராக முகத்தில் விழும். பீச் ரோட்டில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை, அதனால் அந்த நேரத்தில் ரோட்டு நடுவில் நின்றே எடுக்கலாம். காலையில் இடைஞ்சல் என்றால் வாக்கிங் போகிறவர்கள் மட்டும்தான், அவர்களும் ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

அடுத்தது தெருக்கள். ஒயிட் டவுன், அதாவது கடலோரம் இருக்கும் பழைய பிரெஞ்சுக்காரர் பகுதி, கட்டம் போட்ட மாதிரி ஊர். துமாஸ், ரொமேன் ரோலண்ட், சுஃப்ரேன் வீதிகள் கடலோரமாக வடக்கு தெற்காக ஓடுகின்றன, மற்றவை அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. காலையில் வடக்கு தெற்குத் தெருக்களில் கிழக்குப் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் தெரு முழுக்க விழுந்திருக்கும். முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது, மூக்குக்குக் கீழே கறுப்பு விழாது, பிள்ளைகளும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். ஏழரை, எட்டு மணி ஆனதும் எதிர்ச்சுவரின் மேல் பாதியில் வெயில் அடித்து மெல்லக் கீழே இறங்க ஆரம்பிக்கும், அந்தக் கோடு உங்கள் நெற்றிக்கு வந்துவிட்டால் பேக்கப். அப்புறம் அந்த மஞ்சள் சுவரே ஒரு பிரச்சினை. உச்சிவெயிலில் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தையும் மஞ்சளாக்கும், பார்த்தால் எல்லோருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்கும். எங்கள் முதல் ஆல்பம் முழுக்க அப்படித்தான், எடிட்டிங்கில் அதைச் சரிபண்ணப் போய் மாமா நீலமாகிவிட்டார்.

ஆக, ஆளைத் தேடும்போது முதல் கேள்வி இது: "நாங்க இந்த மாசம் வர்றோம், ஆறு பேரு, எத்தனை மணிக்கு எங்கே ஆரம்பிக்கலாம்?" அவராகவே நேரத்தையும் தெருவையும் சொன்னால் நல்லது. "நீங்க சொல்ற டைமுக்கு வந்துர்றேன் சார்" என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

ஆள் எங்கே கிடைப்பார்? இன்ஸ்டாகிராமில் பாண்டி என்று தேடினாலே நூறு பேர் வருவார்கள். அதில் பாதிப் பேர் சென்னையிலிருந்து பிரீ வெட்டிங் எடுக்க வந்து போகிறவர்கள், திறமை இருக்கும், ஆனால் அங்கிருந்து வருகிற வண்டிச் செலவும் உங்கள் பில்லில்தான் ஏறும். இன்ஸ்டா பக்கத்தில் இருக்கும் பத்துப் படத்தை நம்பாதீர்கள். அவை நூறு குடும்பத்திலிருந்து பொறுக்கி எடுத்த பத்து. "ஏதாவது ஒரே ஒரு குடும்பத்துக்கு எடுத்த மொத்தப் படத்தையும் காட்டுங்க" என்று கேளுங்கள். அதில் வயசானவர்கள் எப்படி விழுந்திருக்கிறார்கள், கறுப்பான முகங்களை வெளுக்க வைத்திருக்கிறாரா, பத்தாவது படத்துக்குப் பிறகும் பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று பாருங்கள். படங்கள் எப்போது எடுத்தவை என்பதையும் கவனியுங்கள். கடலுக்குள் நீளும் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்துவிட்டது. பாலம் முழுசாக நிற்கிற படங்களாகவே காட்டுகிறார் என்றால் அதற்குப் பிறகு என்ன எடுத்தார் என்று கேட்கலாம், தப்பில்லை.

பணத்துக்கு வருவோம். எங்களுக்கு இரண்டு மணி நேரம், 40 எடிட் செய்த படங்கள், 7,000 ரூபாய். உங்களுக்கு இதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம், சீசனில் இரண்டு மடங்கும் ஆகலாம். தொகையை விட எதற்கு எவ்வளவு என்பதைத் தெளிவாகப் பேசுங்கள். மணிக் கணக்கு எப்போது தொடங்குகிறது, அவர் வந்ததிலிருந்தா, நீங்கள் வந்ததிலிருந்தா? எடிட் செய்த படம் எத்தனை, எடிட் செய்யாதவற்றையும் தருவாரா? ரீல்ஸ் வீடியோ சேர்த்தா, தனியா? நேரில் வருவது இவர்தானா? மழை வந்தால்? இந்த மழைக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அங்கே வடகிழக்குப் பருவமழை, விடிகாலையில் சும்மா ஊற்றும். மாற்றுத் தேதி தருவாரா, அட்வான்ஸ் திரும்ப வருமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் ஒரே மெசேஜாக நீங்களே டைப் செய்து அனுப்பி, "ஓகே" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் அக்ரிமென்ட். அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள், முதல்முறை நாங்கள் முழுப் பணத்தையும் முன்னாலேயே ஜிபே பண்ணிவிட்டு, படத்துக்கு இரண்டு மாதம் போன் அடித்துக்கொண்டிருந்தோம்.

பல பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான். அதனால் உங்கள் பிள்ளைகள் படத்தை அவர் தன் பக்கத்தில் போட வேண்டும் என்றால் உங்களைக் கேட்பதுதான் முறை. எங்கள் தம்பி கேட்டான், பிள்ளைகள் முகம் தெரியாத இரண்டை மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னோம், அவனும் சரி என்றுவிட்டான். அவர்களுக்கும் அதுதானே விளம்பரம், ஒரேயடியாக முறைத்துக்கொள்ள வேண்டாம்.

இடங்களை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் பீச் ரோடு, இரண்டு தெரு, ஒரு சர்ச், அவ்வளவு போதும். துமாஸ் வீதியில் இருக்கும் சம்மனசுகளின் அன்னை ஆலயம் கடலைப் பார்த்து நிற்கிறது, எதிரே ஒரு சின்னத் தோட்டத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. காலை வெயில் அந்த முகப்பில் நேராக விழும். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தால் வாசலில் நின்று கத்திச் சிரித்து போஸ் கொடுக்க வேண்டாம், முடியும்வரை பொறுத்திருங்கள். அரவிந்தர் ஆசிரமத்துக்குள் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. ஆனால் ஆசிரமத்துக்குச் சொந்தமான கட்டடங்கள் ஊர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் வெள்ளை ஓரம் அடித்து நிற்கின்றன, அந்தச் சுவர்கள் முன்னால் எந்த நிறச் சேலையும் எடுப்பாக இருக்கும், அதை அவன் சொல்லித்தான் நாங்களே பார்த்தோம். பாரதி பூங்காவைச் சுற்றி சட்டமன்றமும் போலீஸும் இருப்பதால் ட்ரோன் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பீச்சில் கருங்கல் பாறைகள் மேல் ஏறச் சொல்லும் போட்டோகிராபரிடம் முடியாது என்று சொல்லுங்கள், பாசி வழுக்கும், போலீஸ் விசிலும் அடிக்கும். மணலில்தான் வேண்டும் என்றால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது.

முக்கியமாக, அந்த அழகான கதவுகளெல்லாம் யாரோ குடியிருக்கும் வீட்டுக் கதவுகள். வாசல்படியில் ஏறி உட்காருவது, காகிதப்பூவை ஒடிப்பது, காலை ஆறரைக்கு "ஏய் இங்க பாரு இங்க பாரு" என்று பிள்ளையைக் கூப்பிடுவது, இதெல்லாம் தினமும் அவர்களுக்கு நடக்கிறது. ஒரு வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் பால் பாக்கெட்டோடு வெளியே வந்தபோது எங்கள் தம்பி கேமராவை இறக்கிவிட்டு, "ஐயா, அஞ்சு நிமிஷம், படியில ஏறமாட்டோம்" என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வெளியூர்க்காரன் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்குமோ.

உடை விஷயத்தில் எல்லோரும் ஒரே நிறத்தில் போகாதீர்கள், பேண்டு வாத்தியக் குழு மாதிரி இருக்கும். மஞ்சளும் தூய வெள்ளையும் வேண்டாம், சுவரோடு சுவராகப் போய்விடுவீர்கள். மெரூன், கரும்பச்சை, மயில் நீலம் எல்லாம் நன்றாக விழும். எழுத்துப் போட்ட டீ-ஷர்ட்டும் புதுச் செருப்பும் கூடாது, கல் பதித்த நடைபாதையில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கிளம்பும்முன் இரண்டு பிஸ்கட்டாவது கொடுத்துவிடுங்கள், நல்ல படம் எல்லாம் முதல் முக்கால் மணி நேரத்தில்தான், அதற்குப் பிறகு அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

ஒயிட் டவுனோடு நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொல்வேன். பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி, திண்ணையும் தெருவைப் பார்த்த தாழ்வாரமும் மரத்தூண்களுமாகப் பழைய வீடுகள், வைசியாள் வீதியில் பல வீடுகளைப் பழுதுபார்த்து அழகாக வைத்திருக்கிறார்கள். கூட்டமே கிடையாது. அத்தை அன்று காலை முழுக்க "எனக்கெதுக்குடா இந்த வயசுல" என்று பையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியே நின்றார். இங்கே வந்ததும் கால் வலிக்கிறது என்று, அந்த வீட்டம்மாவைக் கேட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடம் மருமகள் எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். தம்பி எங்களிடம் கண்ணைக் காட்டிவிட்டு, எதிர்ப்பக்கத் தூணோடு ஒண்டி நின்று சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தான். "பாட்டி, இங்க பாருங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எடுத்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்காதீர்கள், தரம் பாதியாகக் குறைந்துவிடும். டிரைவ் லிங்க் கேளுங்கள், வந்த அன்றே இறக்கி ஒரு பென்டிரைவிலும் போட்டுவையுங்கள், லிங்க் எத்தனை நாள் இருக்கும் என்று அவருக்கே நினைவிருக்காது. எடிட் தொடங்கும்முன் "முகத்தை வெளுப்பாக்க வேண்டாம், பருவை எடுங்க, மச்சத்தை விட்டுருங்க" என்று சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் இன்னொரு வாரம் இழுக்கும். எங்களுக்குப் பத்தாம் நாள் லிங்க் வந்தது. 40 பேசியிருந்தோம், 43 இருந்தது. கடைசி மூன்றும் திண்ணைப் படங்கள், அவற்றில் ஒன்றை 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டுத் திருச்சி வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்களிடமெல்லாம் அத்தை, "அது நான் பாக்காதப்ப எடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.