லைட் மிண்ட் சாக்லேட் சிப் ஐஸ்கிரீம்: டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

கோலாலம்பூரில் வெளிநாட்டுச் சரக்கு விற்கும் பேரங்காடிகளில், 'லைட்' என்று போட்ட மிண்ட் சாக்லேட் சிப் டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். "லைட்தானே, இன்னொரு கரண்டி போடு" என்று வீட்டில் சொல்வதும் நடக்கும். எதில் லைட், எவ்வளவு லைட் என்பதை டப்பாவின் பின்பக்கமே சொல்லிவிடும். கைப்பேசியில் கால்குலேட்டர் இருந்தால் போதும், கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

படி 1: எது குறைந்திருக்கிறது?

அமெரிக்க விதிப்படி 'லைட்' என்று போட, வழக்கமான ஐஸ்கிரீமைவிடக் கலோரி மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு பாதியாக வேண்டும். பெரும்பாலும் குறைவது கொழுப்பு. சர்க்கரை குறைய வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் இருக்கும் வெனிலாவை எடுத்துக்கொள்வோம். சாதா வகை 100 கிராமில் சுமார் 207 கலோரி, 11 கிராம் கொழுப்பு, 21 கிராம் சர்க்கரை. லைட் வகையில் 180 கலோரி, 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான கொழுப்பு, 22 கிராம் சர்க்கரை. கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியும் கலோரி 27தான் குறைந்தது. சர்க்கரையோ கொஞ்சம் ஏறியிருக்கிறது!

கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட முடியாது. விட்டால் ஐஸ்கிரீம் நறநறவென்று பனிக்கட்டியாகிவிடும். அதனால் கொழுப்பு நீக்கிய பால் மாவு, குளுக்கோஸ் பாகு, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) போன்றவற்றால் நிரப்புகிறார்கள். இனிப்பைத் தவிர சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு: உறைநிலையைத் தாழ்த்தி, கரண்டி இறங்கும் அளவுக்கு மென்மையாக வைப்பது. லைட் வகையில் அதைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் தயங்குவது இதனால்தான்.

படி 2: மில்லியா, கிராமா?

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். ஐஸ்கிரீமில் கணிசமான பகுதி காற்று. ஒரு லிட்டர் டப்பா ஒரு கிலோ இருக்காது, அரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருந்தாலே சாதாரணம்.

ஒரு டப்பாவில் '100 மில்லிக்கு 100 கலோரி' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 மில்லியின் எடை 50 கிராம் என்றால், 100 கிராமுக்கு 200 கலோரி. பக்கத்து டப்பாவில் '100 கிராமுக்கு 200' என்று இருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள். எடையும் கொள்ளளவும் டப்பாவில் இருந்தால் ஒரே வகுத்தல்.

அமெரிக்க டப்பாக்களில் ஒரு பரிமாறல் என்பது இப்போது மூன்றில் இரண்டு கோப்பை. 2016-இல் மாறிய விதி அது. அதற்கு முன் அரைக் கோப்பை. இணையத்தில் பழைய கணக்கைப் பார்த்து "120 கலோரிதானே" என்று மகிழும் முன் எந்த அளவுக்கு என்று பாருங்கள்.

படி 3: சிப்ஸுக்காக 'லெமாக் தெப்பு' (நிறைவுற்ற கொழுப்பு)

மிண்ட் வாசனையால் கலோரி ஏறாது, பச்சை நிறத்தாலும் ஏறாது. சிப்ஸ் அப்படியில்லை. சாதாரணச் சாக்லேட் உறைந்தால் வாயில் மெழுகு மாதிரி நிற்கும். சீக்கிரம் கரையட்டும் என்று அதில் தேங்காய் எண்ணெய் சேர்ப்பதுண்டு. (இதில் திகைக்க ஒன்றுமில்லை, நம் மலேசியக் குச்சி ஐஸ்கிரீமான போத்தோங்கே சந்தானில், அதாவது தேங்காய்ப் பாலில் செய்வதுதான்.) ஆனால் தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. எனவே மொத்தக் கொழுப்பை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், மலாய் லேபிளில் 'லெமாக் தெப்பு' வரியையும் படியுங்கள்.

படி 4: கூட்டிப் பாருங்கள்

கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, கார்போஹைட்ரேட்டும் புரதமும் 4. உதாரணத்துக்கு 4 கிராம் கொழுப்பு, 17 கிராம் கார்போஹைட்ரேட், 3 கிராம் புரதம் என்றால் 36 + 68 + 12 = 116. லேபிளில் 'தெனாகா' (ஆற்றல், அதாவது கலோரி) இதற்குப் பக்கத்தில் இருந்தால் சரி. ரொம்பக் குறைவாக இருந்தால் மால்டிடோல் போன்ற மாற்று இனிப்போ நார்ச்சத்தோ சேர்ந்திருக்கலாம், 'ராமுவான்' (சேர்பொருள்) பட்டியலைப் பாருங்கள். மால்டிடோல் அதிகம் போனால் வயிறு கலக்கும்.

வீட்டில் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இருந்தால் பார்க்க வேண்டிய வரி கொழுப்பு அல்ல, மொத்தக் கார்போஹைட்ரேட். 'ஜும்லா கூலா' (மொத்தச் சர்க்கரை) என்பதில் பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸும் அடக்கம்.

படி 5: கிண்ணத்தை நிறுங்கள்

காலிக் கிண்ணத்தைச் சமையல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, வழக்கமாகப் போடும் அளவைப் போடுங்கள். லேபிள் ஒரு பரிமாறல் 60 கிராம் என்றும் உங்கள் கிண்ணம் 150 என்றும் காட்டினால், ஒரு பரிமாறலுக்கான கணக்கு எல்லாவற்றையும் இரண்டரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.