உங்கள் கேம்பெயினில் ஒரு கடற்படைத் தலைவர்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, டைஸ் உருட்டி ஆடும் டேபிள்டாப் ஆட்டம் உங்களுடையது. பல நாள் தொடரும் அதன் கதைக்குப் பெயர்தான் கேம்பெயின். அந்தக் கற்பனை உலகத்தில் கடற்போர் வரப்போகிறது, உங்கள் ஆட்களில் ஒருவர் கடற்படைத் தலைவராக ஆசைப்படுகிறார். சரி, ஆகட்டும். ஆனால் அவர் கையில் கட்டளை மட்டும் இருக்கட்டும். எல்லாக் கப்பலையும் அவரே நகர்த்தி, எல்லா டைஸையும் அவரே உருட்டினால் மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். ஆளுக்கொரு கப்பல் கொடுங்கள், தலைவருக்கும் ஒன்று. படை பெரிது என்று காட்ட வேண்டுமா? மீதிக் கப்பல்களைப் பேச்சிலேயே வர்ணித்துவிடலாம்.

கப்பலுக்கு நீண்ட கணக்கெல்லாம் தேவையில்லை. ஓர் அட்டையில் மூன்று வரிசைக் கட்டங்கள் போதும்: பாய், பலகை, ஆட்கள். டிராகன் நெருப்பு கக்கினால் பாய் வரிசையில் கட்டத்தை அடியுங்கள், பாறையில் மோதினால் பலகை வரிசையில். அட்டையும் பெரிய சார்ட்டும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம், கொடி, அதாவது தலைவர் மற்றக் கப்பல்களுக்குக் கட்டளை சொல்லும் சைகை. நம் ஆட்டத்தில் துண்டுச்சீட்டுதான் கொடி. பெரம்பூரில் என் வீட்டு மாடியில் ஆடும்போது போர் தொடங்கியதும் தலைவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் நான்கு சொல்லுக்கு மிகாமல் துண்டுச்சீட்டில் கட்டளை எழுதி, மடித்து ஒவ்வொரு கப்பல் முன்னும் வைப்பார். புகை, இருட்டு, எதிரி மந்திரவாதி கிளப்பிய மூடுபனி என்று எது குறுக்கே வந்தாலும் அந்தக் கப்பலின் தலைவன் டைஸ் உருட்ட வேண்டும். தோற்றால் சீட்டைப் பிரிக்கக் கூடாது. தன் புத்திக்குத் தோன்றியதைச் செய்ய வேண்டியதுதான்.

ஒருமுறை "கரையை ஒட்டி வரிசையாக நில்" என்று சீட்டு போனது. வால் பக்கத்துக் கப்பல் புகைக்குள். அதை ஓட்டிய தம்பி சீட்டைப் பிரிக்க முடியாமல், எரிந்துகொண்டிருந்த எதிரிக் கப்பலைக் கொள்ளையடிக்கத் திரும்பிவிட்டான். தலைவராக ஆடிய அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். வரிசை உடைந்தது, கொள்ளைப் பெட்டியில் எதிரியின் வரைபடம் கிடைத்தது. தம்பிக்குத் தண்டனையா, பட்டமா? அந்த விசாரணை, போரைவிட நன்றாக இருந்தது. தலைவர் வேடத்தின் உயிரே அங்கேதான்.

நிஜத்திலும் இப்படித்தான். 1782 பிப்ரவரியில், இங்கிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் ஆங்கிலேயர்களைத் தாக்கியபோது அவருடைய கப்பல்களில் பல, நெருங்கி வந்து துணை நிற்கவில்லை.

காற்றுக்கு நான்கு முக டைஸ்: வாடை, தென்றல், கொண்டல், கோடை. காற்றுக்கு நேர் எதிரே எந்தக் கப்பலும் போக முடியாது. காற்று மந்திரவாதி இருந்தால் ஒரு போரில் ஒரே ஒரு முறை திசையை மாற்றலாம். அவரை எந்தக் கப்பலில் ஏற்றுவது என்று தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எதிரிக் கப்பல்களை விடவும் தலைவருக்குப் பெரிய தலைவலி கரையில் இருக்கிற ஆளுநர்தான். இதை டிஎம்கள் (ஆட்டத்தின் கதையை நடத்துபவர்கள்) விட்டுவிடாதீர்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே, ஆங்கிலேயர்களிடமிருந்து நம் மதராஸைப் பிடித்தார். பணம் வாங்கிக்கொண்டு ஊரை அவர்களிடமே திருப்பித் தர அவர் பேசியிருந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கூடாது என்றார். இருவரும் இழுபறியில் இருக்க, அக்டோபர் புயல் வந்து லபூர்தொனேவின் கப்பல்களை நாசம் செய்தது. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில்தான் நங்கூரம். இந்த மூன்றையும் அப்படியே உங்கள் உலகத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: பிடித்த ஊர், ஒத்துவராத ஆளுநரின் கடிதம், நெருங்கும் மழைக்காலம். ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் தலைவரிடம் குடிநீர் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். கிளம்புவதா, இருப்பதா என்று அவரே தவிக்கத் தொடங்குவார்.

தலைவரின் கப்பல் மூழ்கினால்? போருக்கு முன்பே அடுத்த தலைவர் யார் என்று எழுதி டிஎம்மிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கப்பல் மூழ்கும் சுற்றில்தான் அந்தச் சீட்டைப் பிரிக்க வேண்டும்.