நீளமான ஆங்கிலச் சொல்லா? வாலைப் பிடியுங்கள்

'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்'. இதைப் படிக்க நமக்கு மூச்சு வாங்குவதில்லை. வந்து, கொண்டு, இருந்தவர்களுக்கு, ஆக, தான் என்று கண் தானாகவே பிரித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இருபது எழுத்துச் சொல் ஒன்று எதிரே வந்தால் மட்டும் அதைத் தாண்டி அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறோம். அதுவும் துண்டு துண்டாக ஒட்டிய சொல்தான். துண்டுகள் பெரும்பாலும் கிரேக்கம், லத்தீன். ஒரே துண்டு அதே எழுத்துகளோடு பல சொற்களில் திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் பிடி. ஒரு நோட்டும் பென்சிலும் போதும், தொடங்கலாம்.

படி 1: வாலை வளையுங்கள்

முதல் எழுத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படிக்காதீர்கள். கடைசி நாலைந்து எழுத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்தச் சொல் நோயா, படிப்பா, அறுவை சிகிச்சையா, கொள்கையா என்பதை வால்தான் சொல்லும்.

ஐ-டி-ஐ-எஸ் என்று முடிந்தால் பெரும்பாலும் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ் மூட்டில், ஹெபடைட்டிஸ் கல்லீரலில், டெர்மடைட்டிஸ் தோலில். இ-சி-டி-ஓ-எம்-ஒய் என்று முடிந்தால் வெட்டி எடுத்துவிடுவது. டான்சிலைட்டிஸ் வந்தால் டான்சில் வீங்கியிருக்கிறது. டான்சிலெக்டமி என்றால் டான்சிலே போய்விட்டது! அந்த வாலில் இ-சி இல்லாமல் ஓ-டி-ஓ-எம்-ஒய் மட்டும் இருந்தால், கீறித் திறப்பதோடு சரி. கிரேனியாட்டமி என்பது மண்டையோட்டைத் திறந்து செய்யும் சிகிச்சை. யாரும் மண்டையைக் கழற்றி வைத்துவிடுவதில்லை.

எல்-ஓ-ஜி-ஒய் என்றால் ஓர் இயல், ஒரு படிப்பு: பயாலஜி, ஜியாலஜி, சைக்காலஜி. ஆனால் அப்பாலஜியும் ட்ரைலஜியும் அதே வாலோடுதான் திரிகின்றன. ஒன்று மன்னிப்பு, மற்றது மூன்று பாகப் படைப்பு. மூலச் சொல்லான 'லோகோஸ்' என்பதற்குப் பேச்சு என்றும் பொருள் உண்டு. அதனால் வந்த குழப்பம்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வால் என்று ஒதுக்குங்கள். அகரவரிசை வேண்டாம்.

படி 2: தலையைப் பாருங்கள்

இது சின்ன வேலை. 'ஆன்ட்டி' என்றால் எதிர், 'டிஸ்' என்றால் நீக்கம் அல்லது மறுப்பு, 'இன்' என்றால் பெரும்பாலும் 'இல்லை' என்ற பொருள். அந்தப் 'பெரும்பாலும்' முக்கியம். 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய பீப்பாய் தீப்பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள், பற்றி எரியும். அங்கே இருக்கும் 'இன்', இல்லை என்ற பொருள் தருவது அல்ல. இந்த ஆபத்துக்காகவே இப்போது பல இடங்களில் 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதுகிறார்கள்.

படி 3: நடுவில் இருப்பதைத் தோண்டுங்கள்

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 'ஹிப்போபொட்டமஸ்' என்ற நீர்யானையைப் பிரியுங்கள். ஹிப்போஸ் என்றால் குதிரை, பொட்டமோஸ் என்றால் ஆறு. நாம் யானை என்றோம், கிரேக்கர்கள் ஆற்றுக்குதிரை என்றார்கள். அதே பொட்டமோஸ்தான் 'மெசொப்பொட்டேமியா'விலும் இருக்கிறது. மெசோஸ் என்றால் நடு. டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு நடுவிலுள்ள நாடு.

'ஹெலிகாப்டர்' என்பதை ஹெலி, காப்டர் என்று பிரிப்பவர்கள்தான் அதிகம். வெட்டு விழ வேண்டிய இடம் அது இல்லை. ஹெலிகோ என்றால் திருகு, ப்டெரோன் என்றால் இறக்கை. அதாவது திருகு இறக்கை. பி-டி-இ-ஆர் என்ற அந்த நாலு எழுத்தைக் குறித்துக்கொண்டு, பறக்கும் பழங்கால ஊர்வனவான 'டெரடாக்டில்' பக்கம் போங்கள். உச்சரிப்பில் காணாமல் போன 'பி' எழுத்தில் முதல் ஆளாக நிற்கும். அதற்கு இறக்கை விரல் என்று பொருள்.

படி 4: ஒட்டிப் பாருங்கள்

இப்போது பெரிய மீன். நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். ஆங்கிலத்தில் 45 எழுத்து. வால் ஓ-எஸ்-ஐ-எஸ், அதாவது நோய்நிலை. சரி, என்ன நோய்? தலையில் நியூமோனோ, நுரையீரல். நடுவில் அல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக், மிக மிக நுண்ணிய. சிலிக்கோ, மணலில் இருக்கும் சிலிக்கா. வால்கேனோ, எரிமலை. கோனி, தூசு. சேர்த்தால், எரிமலையின் நுண்ணிய சிலிக்காத் தூசை மூச்சில் இழுத்ததால் வரும் நுரையீரல் நோய்.

மிரட்டுவதற்கென்றே செய்த சொல் இது. 1935இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் உருவாக்கினார். சிலிக்காத் தூசால் வரும் நோயை மருத்துவர்கள் சிலிக்கோசிஸ் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாருங்கள், அதிலும் அதே சிலிக்கா, அதே வால்.

நீங்களே ஒன்று முயலுங்கள்: ஓட்டோரைனோலாரிங்காலஜி, 19 எழுத்து. வால் தெரியும். 'ரைனோ' என்றால் மூக்கு. மூக்கில் கொம்புள்ள ரைனோசெரஸ் ஞாபகம் வருகிறதா? லாரிங்ஸ் என்றால் குரல்வளை. 'ஓட்டோ' எதுவாக இருக்கும் என்று யோசித்தால், இந்தப் படிப்பு படித்தவரிடம் எதற்குப் போவோம் என்பது தெரிந்துவிடும்.

படி 5: தொடர்களுக்கு இந்தக் கத்தி வேண்டாம்

சொற்றொடர்களைத் துண்டு போட்டால் பொருள் செத்துவிடும். அவற்றுக்கு நம் கையில் வேறு சாமான் இருக்கிறது, மோனை. ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றி வரும் இரட்டைத் தொடர்கள் ஏராளம். அவற்றை மோனையோடு தமிழில் எழுதி வைத்தால் மறக்காது. 'கித் அண்ட் கின்' என்றால் உற்றார் உறவினர். 'பேக் அண்ட் பேகேஜ்' என்றால் மூட்டை முடிச்சு. 'பார்ட் அண்ட் பார்சல்' என்பதற்கு அப்படி வாகாக எதுவும் எனக்குச் சிக்கவில்லை. பிரிக்க முடியாத அங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தபாலில் வரும் பார்சல் இல்லை. 'வேர் அண்ட் டேர்' எதுகை வகை, பொருள் தேய்மானம். அப்புறம் 'ஹெம் அண்ட் ஹா'. நேரான பதில் சொல்லாமல் இழுப்பவரைப் பற்றியது. மென்று முழுங்குகிறார் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.