கார் நிறுவனத்துக்கு அரசு நிதியுதவி: அறிவிப்பைப் படித்து எடைபோடும் முறை

நொடியும் நிலையில் உள்ள உள்நாட்டுக் கார் நிறுவனம் ஒன்றுக்கு அரசு கைகொடுக்கும்போது, செய்தியின் தலைப்பில் நமக்குக் கிடைப்பது ஒரு பெருந்தொகை மட்டுமே. அந்தத் தொகையை வைத்து உதவி நியாயமானதா வீண்செலவா என்று தீர்மானிக்க முடியாது. கீழே சொல்லியிருக்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால், அறிவிப்பின் உள்ளடக்கம் ஓரளவு பிடிபடும். படிக்கத் தொடங்கும் முன் ஒரு சிறு எச்சரிக்கை: ஒரு பில்லியன் என்பது 100 கோடி. இந்தக் கணக்கில் சறுக்கினால் மற்ற எல்லாமே தவறாகிவிடும்.

முதலில் தொகையை அதன் வடிவங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடன் உத்தரவாதம், நேரடிக் கடன், பங்கு முதலீடு ஆகிய மூன்றும் ஒன்றல்ல. 1980 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்நாட்டுக் கார் நிறுவனமான கிரைஸ்லருக்கு 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு உத்தரவாதம் மட்டுமே அளித்தது. பணம் கொடுத்தவர்கள் வெளியார், நிறுவனம் தவறினால் மட்டுமே அரசு கையை விட்டுக் கட்ட வேண்டியிருந்திருக்கும். 2014இல் பிரெஞ்சு அரசும் சீனாவின் டாங்ஃபெங் நிறுவனமும் பிரெஞ்சுக் கார் நிறுவனமான பெஜோவில் ஆளுக்கு 80 கோடி யூரோ போட்டபோது, அது கடனாக அல்லாமல் ஆளுக்கு 14 சதவீதப் பங்காக இருந்தது. கடன் கொடுத்தவருக்கு வட்டி போக மேற்கொண்டு எதுவும் வராது. பங்கு வாங்கியவர் லாபத்திலும் நட்டத்திலும் பங்காளி.

அடுத்து, அரசைத் தவிர வேறு யாரெல்லாம் இழந்தார்கள் என்று தேடுங்கள். உதவி அறிவிப்பின் தரம் பெரும்பாலும் இங்கேதான் தெரியும். கிரைஸ்லர் சட்டம், வங்கிகள், தொழிலாளர்கள், டீலர்கள், உதிரிபாகம் வழங்குவோர் முதலியோரும் சேர்ந்து சுமார் 200 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுத்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனை விதித்தது. 2009 மார்ச் மாத இறுதியில் ஒபாமா, அரசு உதவி கேட்டு ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அளித்த மீட்புத் திட்டங்களை ஏற்க மறுத்து, முன்னதற்கு 60 நாட்களும் பின்னதற்கு 30 நாட்களும் கெடு வைத்தார்; ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வாகனர் பதவி விலக நேர்ந்தது. இரு நிறுவனங்களும் திவால் நீதிமன்றம் சென்றே மீண்டன. ஜூன் 1 அன்று திவால் மனு கொடுத்த ஜெனரல் மோட்டார்ஸ் ஜூலை 10 அன்று புதிய நிறுவனமாக வெளிவந்தபோது, அதில் அமெரிக்க அரசுக்கு 60.8 சதவீதமும், கனடா தரப்புக்கு 11.7 சதவீதமும், தொழிற்சங்கத்தின் மருத்துவ நல நிதிக்கு 17.5 சதவீதமும், பழைய கடன் பத்திரதாரர்களுக்கு வெறும் 10 சதவீதமும் கிடைத்தன. இழப்பு சமமாகப் பங்கிடப்பட்டதா என்றால், இல்லை. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து பிரிந்த உதிரிபாக நிறுவனமான டெல்ஃபியில் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்களின் ஓய்வூதியக் குறையை ஜெனரல் மோட்டார்ஸ் ஈடுகட்டியது. சங்கத்தில் இல்லாத மாதச் சம்பள ஊழியர்களின் ஓய்வூதியம் குறைந்தது. இப்படிப்பட்ட வேறுபாடுகளை எந்தத் தலைப்புச் செய்தியும் சொல்லாது.

உதவி தேவைதானா என்ற கேள்விக்கு, போட்டியாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது நல்ல உரைகல். 2006இலேயே சொத்துக்களை அடகு வைத்துத் தனியார் கடன் திரட்டியிருந்த ஃபோர்டு, 2008இல் அவசர உதவியை வாங்கவில்லை. ஆனாலும் அதன் தலைவர் ஆலன் முலாலி போட்டி நிறுவனங்களுக்கு உதவி வேண்டும் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். மூன்று நிறுவனங்களுக்கும் உதிரிபாகம் தருவோர் பெரும்பாலும் ஒருவரே என்பதால், ஒன்று விழுந்தால் அந்த வலைப்பின்னல் வழியாக மற்றவையும் விழும் என்பதே காரணம். எதிரியே உதவி கேட்கும்போது அந்த வாதத்தைச் சற்றுக் கூடுதலாக நம்பலாம்.

வாக்குறுதிகளின் ஆயுளையும் கவனியுங்கள். 2009 பிப்ரவரியில் பிரான்ஸ், ரெனோவுக்கும் பெஜோவுக்கும் ஆளுக்கு 300 கோடி யூரோ கடன் கொடுத்தது. பதிலாக, கடன் காலத்தில் பிரான்சிலுள்ள ஆலைகளை மூடுவதில்லை என்று நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. பெஜோ கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டு, 2012 ஜூலையில் பாரிஸ் அருகே உள்ள ஓல்னே ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. சட்டப்படி அதில் தவறில்லை. ஆலையைக் காக்கும் உறுதிமொழி கடனோடு கட்டப்பட்டிருந்தால், கடன் தீரும் நாளில் உறுதிமொழியும் தீர்ந்துவிடும் என்று முதல் நாளே புரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிக ஐயத்துடன் படிக்க வேண்டியது 'திருப்பிச் செலுத்திவிட்டோம்' என்ற அறிவிப்பு. 2010 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் எட் விட்டேக்கர் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி, அரசுக் கடனை வட்டியோடு முழுமையாக, ஐந்தாண்டுகள் முன்னதாகவே அடைத்துவிட்டதாகக் கூறினார். கடன் என்ற வரையில் அது உண்மை. ஆனால் அரசு போட்ட சுமார் 4,950 கோடி டாலரில் அப்போது கடனாக இருந்தது ஏறத்தாழ 670 கோடி மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி பங்குகளாக நின்றது. அடைத்த பணமும், அதே அரசு உதவியிலிருந்து தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்த தொகையே. ஆகவே இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: எந்தப் பகுதி அடைபட்டது, எந்தப் பணத்தால் அடைபட்டது. அரசு கடைசிப் பங்கை விற்று வெளியேறிய 2013 டிசம்பரில் திரும்பி வந்திருந்தது சுமார் 3,900 கோடி. இழப்பு ஏறக்குறைய 1,050 கோடி டாலர். நேர்மாறாக, கிரைஸ்லர் உத்தரவாதக் கடனை 1983இல் ஏழாண்டுகள் முன்னதாக அடைத்தது. அரசு உத்தரவாதத்துக்கு ஈடாக, குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமைப் பத்திரங்களையும் பெற்றிருந்தது. நிறுவனம் முறையிட்டும் விட்டுக்கொடுக்காமல் அவற்றை ஏலம் விட்டதில் 31.1 கோடி டாலர் கிடைத்தது. உதவி ஒப்பந்தத்தில் இத்தகைய பத்திரங்கள் உண்டா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

நட்டம் வந்துவிட்டது என்பதற்காகவே உதவி தோற்றது என்று சொல்லிவிடக் கூடாது. உதவாமல் இருந்திருந்தால் போயிருக்கக்கூடிய வேலைகளையும் வரி வருவாயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த எண்ணிக்கையை உதவி கொடுத்தவர்களே சொல்லும்போது, எந்த அனுமானத்தின் மேல் அது நிற்கிறது என்று கேட்பது நம் உரிமை. பிரிட்டனின் கார் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்டு இதற்கு நல்ல பாடம். 1975இல் அதன் எதிர்காலம் குறித்து அரசு கேட்டுப் பெற்ற ரைடர் அறிக்கையைப் பின்பற்றி அதை நாட்டுடைமையாக்கிய பிரிட்டன், பல ஆண்டுகள் பணம் போட்டது. அறிக்கையின் விற்பனைக் கணிப்புகள் பலிக்கவில்லை. அந்த நிறுவனத்தில் எஞ்சிய ரோவர் குழுமம் 1988இல் 15 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. அதன் வழிவந்த எம்ஜி ரோவர் 2005இல் வீழ்ந்தது.

கார் வாங்குபவருக்குத் தரப்படும் மானியத்தைத் தனியே எடைபோடுங்கள். 2009 கோடையில் அமெரிக்கா, பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி தந்தது. 300 கோடி டாலர் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 6.8 லட்சம் கார்கள் விற்றன. அதிகம் விற்ற நிறுவனம் டொயோட்டா. அந்தக் கார்களில் பலவும் அமெரிக்க ஆலைகளிலேயே உருவானவை. எனவே 'உள்நாட்டு' என்று அரசு சொல்லும்போது உரிமையாளரைச் சொல்கிறதா, ஆலையைச் சொல்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க வரிப்பணத்தால் மீண்ட கிரைஸ்லர், 2014 ஜனவரியில் முழுவதுமாக இத்தாலியின் ஃபியட் வசம் போய்விட்டது.