ஸ்னோமொபைல் சஸ்பென்ஷன் ரெயில்கள் வளைவதும் விரிசல் விடுவதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் பின்பக்க சஸ்பென்ஷனில், டிராக்கின் (வண்டியைத் தள்ளிச் செல்லும், சுழலும் அகன்ற ரப்பர் பட்டையின்) உட்புறமாக நீளவாக்கில் ஓடும் இரண்டு அலுமினிய ரெயில்கள்தான் வண்டியின் எடையில் பெரும்பகுதியையும், மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போது விழும் அடியையும் தாங்குகின்றன. அவற்றில் ஒன்று வளைந்தோ ஒடிந்தோ போனால், கடைசியாக மோதிய பாறையின் மீதோ கடைசியாகத் தாண்டிய மேட்டின் மீதோ பழியைப் போடுவது வழக்கம். ஆனால் ஒடிந்த ரெயிலைக் கழற்றி முறிவின் முகத்தைப் பார்த்தால், பல நேரங்களில் ஒரு பகுதி கறுத்து அழுக்கேறியும், எஞ்சிய பகுதி மட்டும் புதிதாகப் பளபளத்தும் இருப்பது தெரியும். கறுத்திருக்கும் பகுதி முன்பே உண்டாகி மெல்ல வளர்ந்து வந்த விரிசல். பளபளப்பது மட்டுமே அன்றைய அடியில் உடைந்தது. அலுமினியத்துக்கு இது இயல்பு. ஓரளவுக்கு மேற்பட்ட சுமை திரும்பத் திரும்ப விழுந்தால், ஒவ்வொரு அடியும் சிறியதாக இருந்தாலும் அது களைத்துப்போகும். ஆகவே ரெயில் ஏன் உடைந்தது என்று கேட்பவர், அதற்கு நெடுநாளாகச் சுமை கூட்டிக்கொண்டிருந்தது எது என்று தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ஹைஃபாக்ஸ் பட்டை. ரெயிலின் அடிவிளிம்பில் செருகியிருக்கும் இந்த நீண்ட பிளாஸ்டிக் பட்டையின் மீதுதான் டிராக்கின் எஃகு கிளிப்புகள் வழுக்கி ஓடுகின்றன. பெரும்பாலான பட்டைகள் மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலினால் ஆனவை. ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது உருகத் தொடங்கும். அதைக் குளிர வைப்பதும் வழுக்க வைப்பதும் டிராக்கின் இடைவெளிகள் வழியே உள்ளே வரும் பனித்தூள்தான். பனித்தூள் இல்லாத பனிக்கட்டிப் பரப்பிலும், இறுகிப்போன பாதையிலும் வேகமாக ஓட்டுவது பட்டையை உருக்கிக் கிளிப்புகளில் அப்பிவிடுகிறது. அத்தகைய பாதையில் ஐஸ் ஸ்கிராச்சர்களை (பனிக்கட்டியைக் கீறும் கம்பிகளை) இறக்கி ஓட்டினால், அவை பரப்பைச் சுரண்டி எழுப்பும் பனித்துகள் பட்டைக்குக் கிடைக்கும். ரெயிலில் கூடுதல் சக்கரங்களைப் பொருத்துவதும் உதவும்.

பட்டையின் பக்கவாட்டில் தேய்மான எல்லையைக் காட்டும் கோடு இருக்கும். பல மாடல்களில் பட்டையின் உயரம் ஏறத்தாழ 10 மி.மீ. ஆகும்போது மாற்றச் சொல்கிறார்கள். கைக்கு எட்டும் பின்முனையில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடைவது பலரும் செய்யும் பிழை. ரெயில் மேல்நோக்கி வளையத் தொடங்கும் முன்பகுதியிலும், சக்கரங்கள் தள்ளித் தள்ளி அமைந்த இடங்களிலும்தான் தேய்மானம் அதிகம். பட்டை தீர்ந்த பிறகும் ஓட்டினால், எஃகு கிளிப் அலுமினியத்தின் அடிவிளிம்பையே அறுத்துவிடும். அந்த விளிம்பு சிதைந்த ரெயிலில் புதுப் பட்டையைச் செருகினாலும் நிற்காது. குறைந்த விலைப் பொருளுக்காகத் தள்ளிப்போட்டது, விலை கூடிய ரெயிலையே மாற்றுவதில் போய் முடியும்.

ஒரு பக்கப் பட்டை மட்டும் சீக்கிரம் தேய்ந்தால், டிராக் நேர்கோட்டில் ஓடவில்லை என்று பொருள். டிராக்கின் இறுக்கத்தையும் நேரையும் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது. கையேட்டில் சொன்ன எடையைச் சொன்ன இடத்தில் தொங்கவிட்டு, டிராக் எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் உராய்வும் சூடும் ஏறுவதோடு, பின் அச்சு பொருந்தியிருக்கும் ரெயில் முனைகளின் மீது ஓயாத இழுவை விழும். தளர விட்டால் டிராக் அடித்துக்கொண்டு ஓடும், கிளிப்புகள் ரெயிலை விட்டு நழுவும்.

அடுத்தது போல்ட்டுகள். என் கருத்தில் ரெயில்களை அதிகம் கெடுப்பது இந்த இடம்தான். ரெயில்களை வண்டியின் உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷனின் முன் கையும் பின் கையும் ரெயிலோடு சேரும் துளைகளைச் சுற்றியே பெரும்பாலான விரிசல்கள் தொடங்குகின்றன. போல்ட் சிறிது தளர்ந்தாலும், குறுக்குத் தண்டு துளைக்குள் அசைந்து அசைந்து வட்டத் துளையை நீள்வட்டமாக்கிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு பள்ளமும் அந்த விளிம்பில் சுத்தியல் அடியாக விழும். அழுக்கைத் துடைத்துவிட்டு வாஷரைச் சுற்றிக் கவனித்துப் பாருங்கள்: சாம்பல் கலந்த கறுப்பில் மை போல ஒரு கறை வழிந்திருந்தால், அது உலோகம் உலோகத்தோடு உரசி உதிர்ந்த தூள். அங்கே போல்ட் அசைகிறது. அதை வெறுமனே இறுக்கிவிட்டுப் போகாமல், கழற்றித் துளையைப் பார்த்து, தேய்ந்த போல்ட்டையும் புஷ்ஷையும் (தண்டைச் சுற்றியுள்ள உறையையும்) மாற்றி, போல்ட் தளராமல் பிடிக்கும் திரெட்லாக் பசையை இட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கிரீஸ் வைக்காமல் விடுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. தண்டு தன் குழாய்க்குள் துருப்பிடித்து இறுகிப்போனால், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் போல்ட்டும் சேர்ந்து திரும்பி ரெயிலின் துளையைத் தின்னும்.

எண்ணெய் கசிந்து செயலிழந்த ஷாக் அப்சார்பரோடும், சுமைக்குப் போதாத ஸ்பிரிங்கோடும் ஓட்டுவது பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. சஸ்பென்ஷன் அடிவரை போய் இடிக்கும் சத்தம் அடிக்கடி கேட்டால், அந்த இடியை வாங்குவது ரெயில்தான். பின்னால் ஒருவரை ஏற்றினாலோ சாமான் கட்டினாலோ ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பழுது பார்ப்பதில் நிகழும் தவறுகள்தான் எனக்கு மிகுந்த கவலை தருபவை. வளைந்த ரெயிலைச் சூடாக்கி நிமிர்த்துவதும், விரிசலை வெல்டிங் செய்து மூடுவதும் பார்வைக்கு நிறைவாக இருக்கும். ஆனால் 6061-டி6 போன்ற அலுமினியக் கலவைகளின் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. வெல்டிங் சூடு பட்ட பகுதியில் அந்த வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அடுத்த முறிவு வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே நிகழும். விரிசல் விட்ட ரெயிலை மாற்றுவதே சரி.

ரெயிலுக்கு வலுவூட்டும் உலோகப் பட்டைகளைப் பொருத்துவதும் எல்லா நேரத்திலும் நன்மையாகாது. 155, 163 அங்குல டிராக் கொண்ட மலை வண்டிகளில் நீண்ட ரெயிலின் பின்பகுதி வளையும் வாய்ப்பு அதிகம் என்பதால் அங்கே அவற்றுக்குத் தேவை உண்டு. ஆனால் குட்டையான பட்டை ஒன்றை ரிவெட் அடித்துவிட்டால், வளைவு முழுவதும் பட்டை முடியும் இடத்தில் போய்க் குவியும். அந்த முனை இருக்கும் இடத்திலேயே ஒரு துளையும் இருந்தால் விரிசலுக்கு வழி செய்து கொடுத்தது போலாகும். சக்கரம் சேர்க்கவோ வலுவூட்டும் பட்டை பொருத்தவோ புதுத் துளை இடுபவர்கள் ரெயிலின் மேல், கீழ் விளிம்புகளைத் தொடவே கூடாது. வளையும்போது அதிக இழுவிசையும் அழுத்தமும் அங்கேதான் விழுகின்றன. இட்ட துளையின் ஓரப் பிசிறை அரம் கொண்டு நீக்காமல் விடுவதும் பிழையே.

ஓடாத நேரத்திலும் ரெயில்களுக்குச் சேதம் உண்டு. டிராக் பனியில் உறைந்து ஒட்டியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடுவிக்கப் பார்க்காமல், பின்பக்கத்தைத் தூக்கி விடுவித்த பிறகே கிளப்ப வேண்டும். சாலையில் தூவிய உப்பு படிந்த டிரெய்லரில் கொண்டுவந்த வண்டியை நல்ல நீரில் கழுவாமல் நிறுத்தினால், எஃகு போல்ட்டும் அலுமினியமும் சேரும் இடத்தில் அரிப்பு தொடங்கும். பருவம் முடிந்ததும் சஸ்பென்ஷனைக் கழற்றிச் சமதளத்தில் வைத்து, ரெயில் ஒவ்வொன்றின் நீளத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். துளைகளைச் சுற்றி ஐயம் இருந்தால், விரிசல் காட்டும் சாயத்தைத் தெளித்துச் சோதிப்பது கண்ணுக்குப் படாத கோட்டையும் காட்டிக்கொடுக்கும்.